தன்னோக்கமற்ற தொழில்களில் போலி உறுப்புகள்

செஞ்சிப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, உரக்கடைக்கு மேல்மாடியில், ஊரகச் சிறுதொழில் சந்தைவாய்ப்பு ஆராய்ச்சி வாரியம் என்னும் அலுவலகம் ஓராண்டுக் காலம் நடந்தது. சந்தை அதன் வாசலிலேயே நடந்தது. நெல் மூட்டைகளும், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை மூட்டைகளும் ஏற்றிய வண்டிகள் படியை மறித்து நின்றன. அலுவலர்கள் மூட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்து நுழைந்து மேலேறி, இரைச்சல் கேளாதபடி சாளரங்களைச் சாத்திக்கொண்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று ஆராய்ந்தார்கள்.

அந்த வாரியத்துக்கு ஒரு சொல்லைக் கொடுத்தவன் நான். கோயிலுக்கு விளக்குக் கொடுத்தவன் பெயரைக் கல்லில் வெட்டுவார்கள். நான் கொடுத்ததை எதில் வெட்டுவது என்று தெரியாமையால் இங்கே எழுதுகிறேன்.

1986ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், பள்ளியில் தமிழாசிரியனாக இருந்த என்னை மூன்று மாதங்களுக்கு அந்த வாரியத்துக்கு இரவல் கொடுத்தார்கள். ஆய்வு அலுவலர் தனசேகரன் என்னை எழுந்து நின்று வரவேற்றார். அவர் மேசையின்மேல் ஒரே ஒரு தாள் இருந்தது. அதில் ஒரே ஒரு வரி இருந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. உரக்கப் படித்தார்: "நான்-ஆட்டோமோட்டிவ் இண்டஸ்ட்ரிகளில் ஃபோர்ஜ்டு மெட்டல் காம்பொனென்டுகளின் மார்க்கெட் பொட்டென்ஷியல்."

"இதுதாங்க ஐயா நம்ம ஆய்வு. தலைப்பும் கேள்வித்தாளும் தூய தமிழ்ல வேணும். மூணு நாள்ல வேணும். ஒரு அயற்சொல் இருக்கக் கூடாது. மேலிடத்துல ரொம்ப ஸ்ட்ரிக்டா சொல்லிட்டாங்க. அர்த்தம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். சொல்லு சுத்தமா இருக்கணும்."

"பொருளைத் தெரிந்தவர் எவரையேனும் கேட்கலாமா?" என்றேன்.

"பொருள் தெரிஞ்சவங்க இருந்தா எதுக்குங்க ஆய்வு?" என்றார்.

தாளை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆங்கிலத்தில் எனக்கிருந்த பழக்கம், நடை சாத்திய கோயிலின் வாசலில் நின்று உள்ளிருக்கும் மூர்த்தியின் திருக்கோலத்தை ஊகிப்பவனுடைய பழக்கம். கையிலிருந்தது பள்ளி நூலகத்து அகராதி ஒன்று. நீராடி, நாள்தோறும் ஓதும் பதிகத்தை ஓதி, விளக்கின்முன் அகராதியைத் திறந்தேன். ஆட்டோ என்றால் தானே. மோட்டிவ் என்றால் நோக்கம். இரண்டையும் புணர்த்தினேன், தன்னோக்கம் என்று அழகாக வந்தது. எதிர்மறையாக்கினேன், தன்னோக்கமற்ற தொழில்கள். தன்னலம் கருதாத தொழில்களும் இந்நாட்டில் உள என்று அரசே கருதி ஆராய முற்பட்டமை என் நெஞ்சை நெகிழ்வித்தது.

அடுத்தது ஃபோர்ஜ்டு. அகராதியில் முதற்பொருள் தெளிவாக இருந்தது: போலியாகப் புனையப்பட்ட. இரண்டாம் பொருள் இருந்த இடத்தில் ஒரு துளை இருந்தது. ஏட்டைத் தின்னும் அந்த வெள்ளிப் பூச்சிக்கு நம் முன்னோர் இராமபாணம் என்று பெயர் வைத்தார்கள். இராமபாணம் குறி தவறுவதில்லை. ஒரு சொல்லைத் துளைத்து, அதற்குப் பின்னிருந்த பதினான்கு பக்கங்களையும் துளைத்துச் சென்றிருந்தது. எஞ்சிய பொருளை எடுத்துக்கொண்டேன். காம்பொனென்ட் உறுப்பு ஆயிற்று.

ஆக, 'தன்னோக்கமற்ற தொழில்களில் போலி உலோக உறுப்புகளுக்கான சந்தை வாய்ப்பு.'

எழுதி முடித்து உரக்கப் படித்தேன். ஓசை நன்றாக இருந்தது. ஓசை நன்றாக இருந்தால் பொருளும் நன்றாக இருக்கும் என்று நம்பியே நான் நாற்பத்தாறு வயதுவரை வாழ்ந்திருந்தேன்.

வாரியத்தின் மொழித்தூய்மைக் குழுவில் பதினொரு பேர். பதினொருவரும் தலைப்பைக் கேட்டார்கள், பதினொருவரும் ஒப்பமிட்டார்கள். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தூய தமிழ் புரியாதிருத்தல் இயல்பே என்று எண்ணினார்கள் போலும். ஆய்வு நிறைவுறும் நாளில் எனக்குப் பொன்னாடை போர்த்துவதென்றும் தீர்மானித்தார்கள். கேள்வித்தாள் மூவாயிரம் படிகள் அச்சாயிற்று.

கள ஆய்வுக்கு எனக்குத் துணை எழுத்தர் பாண்டுரங்கன். அவர் ஒரு கையில் தாள்களும் மறு கையில் மைத்திண்டும் வைத்திருப்பார். தன்னோக்கமற்ற தொழில்கள் எவை என்று அவரைக் கேட்டேன். "லாபம் பாக்காத எடம்தானே சார்? ஆஸ்பத்திரி, கோயிலு. அதுக்கு மேல நம்மூர்ல ஒண்ணும் தெரியல," என்றார். ஆகவே ஆலைகளையும் கல்லுடைக்கும் இடங்களையும் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குச் சென்றோம்.

மருந்து கட்டுபவர் தாளை இருமுறை படித்தார். "போலி உறுப்பா? கட்டைக்காலத் தானே சொல்றீங்க? அஞ்சு வருசமா எழுதிப் போட்டிருக்கறம். காலு வரல. காலு வந்து சேந்துச்சான்னு கேட்டு லெட்டர்தான் வருது." கட்டைக்கால் மரத்தாலானது என்பதனால் எங்கள் ஆய்வில் சேராது என்றேன். அதற்குள் பாண்டுரங்கன், 'தேவை மிகுதி' என்று குறித்துக்கொண்டார்.

கோயிலில் நிலைமை விளக்கமாகவே இருந்தது. நோய் தீர்ந்தவர்கள் வெள்ளித் தகட்டில் செய்த கண், கை, கால் முதலிய உறுப்புகளைக் காணிக்கையாக இடுவது வழக்கம். கேள்வித்தாளைப் படித்த நிர்வாகி என்னைத் தனியே தூணின் மறைவுக்கு அழைத்துச் சென்றார்.

"ஐயா, யாரு பெட்டிசன் போட்டது?"

"முறையீடு ஒன்றும் இல்லை. இது ஆய்வு."

"மறைக்காதீங்க. வாசல்ல கண்ணு விக்கிறவன் தகரத்துக்கு முலாம் பூசி விக்கிறான். அது எங்களுக்குத் தெரியும். உண்டியல்ல வுழுந்தத அவனுக்கே திருப்பிக் குடுத்துடறம். அதே கண்ணுதான் வருது, போவுது. சாமி கேக்கல. நீங்க வந்து கேக்கறீங்க."

நெற்றியில் நீறும் நாவில் பதிகமும் உடைய நான் அங்கே நின்று, 'திங்களுக்குப் போலிக் கண்கள் எத்தனை, போலிக் கால்கள் எத்தனை' என்று வினவிக் குறித்தேன். நிர்வாகி வியர்வையைத் துடைத்துக்கொண்டு விடை சொன்னார். கருவறைப் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கேள்வித்தாளின் கடைசிப் பகுதி உற்பத்தியாளருக்கு உரியது. ஆய்வில் பங்கேற்கும் உற்பத்தியாளர்க்கு மின்சாரத்தால் இயங்கும் விசைச் சம்மட்டி மானியத்தில் வழங்குவது பரிசீலிக்கப்படும் என்று அதில் அச்சிட்டிருந்தது. அதற்கு விண்ணப்பித்திருந்தவர் ஊரில் ஒருவரே. ஜான் பாஷா.

அவரை எனக்கு முகத்தால் தெரியுமுன் ஒலியால் தெரியும். பள்ளிச் சுவருக்கு அப்பால் அவருடைய பட்டறை. செய்யுள் நடத்தும்போது அவர் சம்மட்டி எனக்குத் தாளம். ஓர் அடி விழும், நான் ஒரு சீர் சொல்வேன். அடுத்த அடி விழும், அடுத்த சீர். இருபதாண்டுகளாக அவரும் நானும் ஒருவரையொருவர் அறியாமலே மாணவர்களுக்கு யாப்புச் சொல்லிக் கொடுத்து வந்தோம்.

நாங்கள் சென்றபோது அவர் லாரியிலிருந்து கழித்த ஸ்பிரிங் பட்டை ஒன்றைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி அடித்துக்கொண்டிருந்தார். மல்லாட்டை உடைக்கும் மில்லுக்கு ஆணி. அவர் மனைவி மெஹராஜ் பேகம் துருத்திச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க வாத்யாரே. நம்ம பட்டறைக்கெல்லாம் வருவீங்களா? பாண்டு, அந்த ஸ்டூலத் தொடச்சிப் போடு."

அவர் வலத்தோளில் துணி சுற்றியிருந்தது. சம்மட்டியைக் கீழே வைக்கும்போது இடக்கையால் வலக்கையைத் தாங்கிக்கொண்டார்.

"தோளு போச்சு," என்றார். "இன்னும் ஒரு வருசம் சம்மட்டி தூக்கனா கை சோத்துக்குக்கூட எழுந்திருக்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. மிஷின் சம்மட்டி வந்துட்டா போதும். இரும்ப நகத்தி நகத்திக் குடுத்தா அது அடிச்சிக்கும். அதான் எழுதிப் போட்டேன்."

பாண்டுரங்கன் தாளை எடுத்து முதற்கேள்வியைப் படித்தார். "தங்கள் தொழில் தன்னோக்கமுடையதா, அற்றதா?"

"இன்னா கேக்கறாரு?"

"உனக்கு உள்நோக்கம் எதனா இருக்குதான்னு கேக்கறாங்க பாய்."

"வயித்துக்கு அடிக்கறேன். வேற நோக்கம் இன்னா இருக்குது?"

"இல்லன்னு போடச் சொல்லு," என்றார் மெஹராஜ் பேகம் சக்கரத்தை நிறுத்தாமல். "உள்நோக்கம் இருக்குதுன்னா போலீசு வரும்."

அற்றது என்று குறிக்கப்பட்டது. ஜான் பாஷா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இங்கிலீஷ்ல இதுக்கு இன்னா பேரு பாண்டு?" என்று கேட்டார். பாண்டுரங்கன் சொன்னார். ஜான் பாஷா சிரித்துவிட்டார்.

"அட, போர்ஜிங்கா! இத சொல்ல வேண்டியதுதானே? ரயில்வே பட்டறையில நாலு வருசம் இருந்தேன் வாத்யாரே. இரும்பக் காய்ச்சி அடிச்சி உருவத்துக்குக் கொண்டாந்தா போர்ஜிங். உருக்கி அச்சுல ஊத்துனா அது வேற. வார்த்தது ஒடையும். அடிச்சது வளையும், ஒடையாது. லாரிக்கு, காருக்குன்னா ஆட்டோமோட்டிவ். கிணத்துக் கொக்கி, கல்லுளி, மில்லு ஆணி, இதெல்லாம் அது இல்லாதது. நான் செய்யறது பூரா அதான். என்னத்தான் தேடிக்கினு வந்திருக்கறீங்க!"

உலையின் வெம்மை முகத்தில் அடித்தது என்று சொல்லிக்கொண்டு முகத்தைத் திருப்பினேன். பாண்டுரங்கன் என் காதருகே குனிந்து, "ஆட்டோமோட்டிவ்னா வண்டி வாகனம்னு எனக்கு அப்பவே தெரியும் சார். நீங்க கேக்கல," என்றார்.

வார்த்தது உடையும் என்று அவர் சொன்னது, வார்த்தை உடையும் என்று என் செவியில் விழுந்தது.

அதற்குள் மெஹராஜ் பேகம் சக்கரத்தை நிறுத்திவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தார். அவர் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினார். "திங்களுக்கு எத்தனை போலி உறுப்புகள் செய்கிறீர்? போலி... இன்னாங்க இது? நம்மளப் போலின்னு போட்டிருக்குது?"

"குடு இங்க. இத எழுதுனது யாரு? வாத்யாரு. அவரு எழுதுனா அதுக்கு வேற அர்த்தம் இருக்கும். பழைய புஸ்தகத்துல இருக்கும். நமக்கு இன்னா தெரியும்? இல்லிங்களா வாத்யாரே?"

பொன்னாடைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

நான் தலையசைத்தேன்.

அந்தத் தலையசைப்பு எந்த இலக்கணத்திலும் அடங்காது. பெயருமன்று, வினையுமன்று. ஆயினும் பொருள் தந்தது. ஜான் பாஷா நிறைவோடு, 'திங்களுக்கு நானூறு போலி உறுப்புகள்' என்பதன் கீழ், தமக்குத் தெரிந்த ஒரே எழுத்தான உருதுவில், வலமிருந்து இடமாகத் தம் பெயரை எழுதினார். தோள்வலியால் அந்தக் கையெழுத்து நடுங்கியிருந்தது.

மறுநாள் காலை தனசேகரனிடம் தனியே சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு அன்போடு விளக்கினார்.

"ஐயா, நீங்க தப்புன்னு சொன்னா, ஒப்புதல் குடுத்த பதினொரு பேரும் தப்பு. பதினொரு பேரு தப்பா இருக்க முடியாது. ரூல் இல்ல. அப்ப சொல்லு சரி. சொல்லு சரின்னா பொருள்தான் எங்கியோ மாறியிருக்கு. அது நம்ம டிபார்ட்மென்ட் கிடையாது."

"அந்தக் கொல்லருடைய சம்மட்டி?"

"அது வேற செக்சன். ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் இங்க வந்த நாள்லேர்ந்து ஒரு ஆணிகூடத் தொட்டுப் பாத்ததில்ல. வேலை நிக்கலியே! தொட ஆரம்பிச்சாத்தான் டென்சன்."

இடித்துரைக்க வேண்டிய இடம் அது. அரசர்களையே இடித்துரைத்த புலவர்களைப் பற்றி நான் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். அன்று, "தங்கள் சித்தம்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

நிறைவு விழா ஒரு திருமண மண்டபத்தில் நடந்தது. சென்னையிலிருந்து இணை இயக்குநர் ராஜாராம் வந்தார். ஆய்வின் முடிவை மேடையில் அறிவித்தார்கள்: தன்னோக்கமற்ற தொழில்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு போலி உறுப்புகளே புழங்குகின்றன, தேவை இன்னும் பெருகும். கைதட்டல் எழுந்தது. ராஜாராம் ஒலிபெருக்கியைத் தம் வாயருகே இழுத்துக்கொண்டார்.

"பெரியோர்களே! போலிக்கு இத்துணை ஒளிமயமான எதிர்காலம் இம்மாவட்டத்தில் உண்டென்பதை நான் கனவிலும் கருதவில்லை. முப்பதாண்டுகளாக அரசுப்பணியில் இருக்கிறேன். உண்மையான உறுப்புகளை வைத்துக்கொண்டு ஒரு திட்டத்தையேனும் நிறைவேற்ற எங்களால் இயன்றதில்லை. குறை எங்கே என்று இன்று விளங்கிற்று. இனி இந்த வாரியத்தின் ஒவ்வோர் உறுப்பினரும் இவ்வழியில் தம்மை அர்ப்பணிக்க வேண்டுகிறேன்!"

உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பிறகு ஜான் பாஷாவை மேடைக்கு அழைத்தார்கள். சலவைச் சட்டை அணிந்து, மல்லாட்டை மில் ஆணி ஒன்றை எண்ணெயிட்டுத் துடைத்துத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதனைப் பூத்தட்டில் வைத்து ராஜாராமிடம் நீட்டினார்கள். அவர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலால் சுண்டினார். அது கணீரென்றது.

"அடடா!" என்றார் ஒலிபெருக்கியிலேயே. "இதைப் போலி என்று யார் சொல்வார்? அசல் மாதிரியே இருக்கிறதே!"

மண்டபம் அதிர்ந்தது. ஜான் பாஷாவும் பாராட்டுத்தானே என்று சிரித்துக் கைகுவித்தார். அவருக்கு ஒரு நற்சான்றிதழும் எனக்குப் பொன்னாடையும் ஒரே நேரத்தில் வழங்கப்பட்டன. நாங்கள் இருவரும் அருகருகே நின்ற நிழற்படம் எடுக்கப்பட்டது. பெண்கள் பகுதியில் மெஹராஜ் பேகம் கைதட்டாமல் உட்கார்ந்திருந்ததை மேடையிலிருந்து கண்டேன். கண்டதும் பொன்னாடையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். வீட்டில் என் மனைவி சாரதா அந்த ஆடையை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "பட்டு இல்லிங்க, நைலான்," என்றாள்.

ஒன்பது நாள் சென்றபின் ஜான் பாஷா நண்பகல் உணவு வேளையில் பள்ளிக்கு வந்தார். கையில் இரண்டு தாள்கள்.

"வாத்யாரே, எனக்குத் தமிழு படிக்க வராது. இது மேடையில குடுத்தது. இது நேத்து தபால்ல வந்தது. கொஞ்சம் படிச்சிச் சொல்றீங்களா?"

முதல் தாளில் இவ்வாறு இருந்தது: 'இம்மாவட்டத்தின் தலைசிறந்த போலி உறுப்பு உற்பத்தியாளர் என இவருக்குச் சான்றளிக்கப்படுகிறது.' இரண்டாவதில் இவ்வாறு இருந்தது: 'போலிப் பொருள் உற்பத்தியாளர்க்கு அரசு மானியம் வழங்க இயலாது. தாம் போலி செய்வதை மேற்படியார் தாமே ஒப்புக்கொண்ட படிவத்தின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.' இரண்டிலும் ஒரே முத்திரை. கீழே ஒரே கையொப்பம்.

இணைத்திருந்த நகலில் அவர் பெயர் வலமிருந்து இடமாக நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் படித்தேன். "இரும்பைக் காய்ச்சி அடித்து உருவாக்குவதில் இம்மாவட்டத்தில் தலைசிறந்த கைவினைஞர் என இவருக்குச் சான்றளிக்கப்படுகிறது." இரண்டாம் தாளை எடுத்தேன். "விசைச் சம்மட்டி குறித்த தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது." செய்யுள் படிக்கும் குரலிலேயே படித்தேன், எங்கும் தடுமாறவில்லை. அவர் மனைவிக்குப் படிக்கத் தெரியும் என்பது படித்து முடித்த பிறகே நினைவுக்கு வந்தது.

ஜான் பாஷா இரண்டு தாள்களையும் திரும்ப வாங்கி மடித்தார். கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

"எங்க வூட்டுக்காரி படிச்சப்ப வேற மாதிரி இருந்துச்சு வாத்யாரே," என்றார். "நான்தான் அவளத் திட்டிட்டு வந்தேன். வாத்யாரு படிச்சாத்தான் சரியா வரும்னு." மடித்த தாள்களைச் சட்டைப்பையில் வைத்தார். "நீங்க படிச்சதுதான் நல்லா இருக்குது. அத எழுதிக் குடுங்களேன்."

எழுதினேன். போர்ஜிங் என்றால் அடித்துருவாக்கல். போலி என்று பிழையாக மொழிபெயர்த்தவன் நான். தெரிந்த பின்னும் வாய் திறவாதவன் நான். ஜான் பாஷா செய்பவை அசல். இவ்வளவும் எழுதி, அவர் கண்ணெதிரே ஒப்பமிட்டு உறையிலிட்டு, நானே சென்று வாரியத்தில் சேர்த்தேன். பாண்டுரங்கன் அதன்மேல் முத்திரை குத்திப் பெற்றுக்கொண்டார்.

மார்கழியில் விடை வந்தது. என் பெயருக்கே வந்தது. 'பொருள்: திரு. ஆதிநாராயணன் எழுதியதாகச் சொல்லப்படும் மடல். மொழித்தூய்மைக் குழுவின் ஒப்புதல் பெறாத போர்ஜிங் என்னும் அயற்சொல் மேற்படி மடலில் காணப்படுவதால், பொன்னாடை பெற்ற புலவர் ஒருவர் இதனை எழுதியிருக்க இயலாது. எனவே இது போலி மடல் எனக் கருதப்பட்டுக் கோப்பு முடிக்கப்படுகிறது.'

பள்ளிச் சுவருக்கு அப்பால் இப்போதும் சம்மட்டி ஒலிக்கிறது. முன்பெல்லாம் ஓர் அடிக்கும் மறு அடிக்கும் நடுவே ஒரு சீர் சொல்ல நேரம் இருக்கும். இப்போது செய்யுளில் ஓரடி முழுவதையும் சொல்லி முடித்துவிடுகிறேன். அங்கே அடுத்த அடி விழுவதில்லை. நிறுத்தி நிற்கிறேன். நான் மறந்துவிட்டேன் என்று எண்ணி முன்வரிசை மாணவர்கள் அடுத்த சீரை மெல்ல எடுத்துக் கொடுக்கிறார்கள்.

எனக்கு மறக்கவில்லை. அவர் கையைத் தூக்கட்டும் என்று நிற்கிறேன்.